பிளஸ் டூ மதிப்பெண் குறைந்துவிட்டதா? விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு, துணைத் தேர்வு: எதைக் கேட்பது, எப்போது கேட்பது

தேர்வு முடிவு வந்த அன்று மதியம் ஒரு மாணவி அம்மாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் போன். கணக்கில் 72. "குறைஞ்சது 84 வரும்னு நினைச்சேன் மிஸ். எல்லாப் பாடத்துக்கும் ரீவேல்யூவேஷன் போட்டுடலாமா?" என்று கேட்டாள். அம்மாவின் கவலை வேறு: "ஆறு பாடத்துக்கும் போட்டா எவ்வளவு ஆகும் டீச்சர்?"

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை நான். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் இந்த இரண்டு கேள்விகளும் என் வீட்டுக்கு வரும். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: விடைத்தாளின் நகல் கைக்கு வரும்வரை மறுமதிப்பீடு பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். எதிர்பார்த்தது 84, வந்தது 72 என்பது மனவருத்தம். அந்த 12 மதிப்பெண் எந்தப் பக்கத்தில், எந்தக் கேள்வியில் போனது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு எதையும் செய்ய முடியும்.

இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு.

முதல் நாள்: எந்த முடிவும் வேண்டாம்

முடிவு வந்த அன்றே விண்ணப்பம் எதுவும் தொடங்காது. நகலுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனியாக அறிவிக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகும். அதனால் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு வாங்கினான் என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் நீங்களே பேசி முடித்துவிடுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பிள்ளை பேசாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, "இனி என்ன இருக்கு" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலோ, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. மதிப்பெண்ணைத் திருத்த அடுத்த வாரமும் வழி உண்டு, அடுத்த மாதமும் உண்டு.

இரண்டாவது: நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

மறுபடியும் தேர்வு எழுதலாமா என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டால், மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக அதை மறுபடி எழுத முடியாது. முன்பு 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருந்தது. உங்கள் மாமாவோ சித்தியோ அப்படி எழுதியிருக்கலாம். அது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. கொரோனா காலத்தில், 2021-ல், தேர்வே நடத்தாமல் மதிப்பெண் கணக்கிட்டுக் கொடுத்தார்களே, அந்த ஆண்டு மட்டும் திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்ட் மாதம் தேர்வு எழுத வாய்ப்புக் கிடைத்தது. அதை வைத்து இப்போதும் உண்டு என்று நம்ப வேண்டாம்.

சி.பி.எஸ்.இ.யில் விதி வேறு. அங்கே தேர்ச்சி பெற்ற மாணவர்கள்கூட ஒரு பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். உறவில் ஒரு பிள்ளை சி.பி.எஸ்.இ. என்றால் அந்த வீட்டு ஆலோசனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஆக, தேர்ச்சி பெற்று மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இருப்பது நகல், மறுகூட்டல் (போட்ட மதிப்பெண்களை மறுபடி கூட்டிப் பார்ப்பது), மறுமதிப்பீடு (விடைகளையே மறுபடி திருத்துவது) என்ற ஒரே பாதை. தேர்ச்சி பெறாதவர்களுக்கும் தேர்வுக்குப் போக முடியாமல் போனவர்களுக்கும் துணைத் தேர்வு இருக்கிறது. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தேர்ச்சி நழுவியவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: அந்த மதிப்பெண் எந்தக் கதவைத் திறக்கப்போகிறது?

இதைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. ஒரு தாளை எடுத்து, நீங்கள் சேர நினைக்கும் படிப்பை மேலே எழுதுங்கள். அந்தச் சேர்க்கைக்கு எந்தப் பாடம், எந்த எடையில் கணக்கில் வருகிறது என்று கீழே எழுதுங்கள்.

பொறியியல் என்றால் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்காகக் கணக்கிடும் மதிப்பெண், 200-க்கு. கணக்கு 100 அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி, 50 வீதம் சேரும். என்னிடம் வந்த மாணவிக்குக் கணக்கு 72, இயற்பியல் 80, வேதியியல் 78. அதாவது 72, 40, 39 என்று மொத்தம் 151. கணக்கில் 4 மதிப்பெண் ஏறினால் 155 ஆகும். அதே 4 இயற்பியலில் ஏறினால் 153தான். தமிழில் 4 ஏறினால் கட்-ஆஃப் அசையாது. கலந்தாய்வின் நடுப்பகுதியில் மதிப்பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்; அரை மதிப்பெண்ணுக்கே தரவரிசை நூற்றுக்கணக்கில் நகரும். அதனால் பொறியியல் நினைப்பவர்கள் கையில் இருக்கும் பணத்தை முதலில் கணக்கில் போடுங்கள்.

கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. அங்கே உயிரியல்தான் முதல் பாடம். வேளாண் படிப்புகளுக்கு நான்கு பாடங்களும் 50 வீதம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆனால் பி.ஏ. தமிழ் இலக்கியம் கேட்டால் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியம் கேட்டால் ஆங்கில மதிப்பெண்ணும்தான் பேசும். தமிழில் குறைந்துபோன பிள்ளை தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டால் தமிழ் விடைத்தாள் நகலைக் கட்டாயம் வாங்கிப் பார்க்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். கதை வேறு. தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 விழுக்காடு என்ற தகுதியைத் தாண்டினால் போதும். உயிரியலில் 91 வந்தது ஏன் 96 வரவில்லை என்று நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் சேர்த்து 780 ரூபாய் செலவழித்தால், மருத்துவச் சேர்க்கையில் அதற்கு ஒரு பயனும் கிடையாது. ஆனால் அதே பிள்ளை மாற்றாக நர்சிங், பி.ஃபார்ம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கிறது என்றால் பிளஸ் டூ மதிப்பெண் அங்கே கணக்கில் வரும். அப்போது யோசிக்கலாம்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்தான் எல்லோரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும். ஜே.இ.இ. வழியாக என்.ஐ.டி.யில் சேர பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும், அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65 விழுக்காடு. அந்தக் கோட்டுக்கு மூன்று மதிப்பெண் குறைவாக நிற்கிறது என்றால், அந்த விழுக்காட்டுக் கணக்கில் வரும் எந்தப் பாடத்தில் மூன்று கிடைத்தாலும் லாபம்தான். அங்கே அந்தப் பாடங்கள் எல்லாவற்றின் நகலையும் வாங்குவதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் குறைந்தபட்சத் தகுதி உண்டு: கணக்கு, இயற்பியல், வேதியியலில் பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40.

இந்தத் தாளில் எழுதி முடித்ததும், நகல் வாங்க வேண்டிய பாடங்கள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டாகச் சுருங்கிவிடும். என் மாணவிக்கு ஆறு என்பது ஒன்றரை ஆயிற்று. கணக்கு நிச்சயம், வேதியியல் சந்தேகம்.

நான்காவது: நகலுக்கு விண்ணப்பிப்பது

பள்ளி வழியாகத் தேர்வு எழுதியவர்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தனித்தேர்வர்கள் எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள், அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும்.

கடந்த சில ஆண்டுகளாகக் கட்டணம் இப்படி இருக்கிறது: விடைத்தாள் நகல் ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். மறுகூட்டல் உயிரியலுக்கு 305, மற்ற பாடங்களுக்கு 205. மறுமதிப்பீடு ஒரு பாடத்துக்கு 505. உயிரியலுக்கு மட்டும் ஏன் கூடுதல் என்றால், அதில் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி விடைத்தாள். உங்கள் ஆண்டின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகலும் மறுமதிப்பீடும் சேர்ந்தால் ஒரு பாடத்துக்கு 780, ஆறு பாடத்துக்கு 4,680. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பல நாள் வருமானம். முந்தைய படியில் ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மறுமதிப்பீடு வேண்டும் என்றால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. நகல் இல்லாமல் நேராக மறுகூட்டல் கேட்கும் வழி திறந்திருந்தாலும் அவசரப்பட்டு அதில் போய்விடாதீர்கள். 70 ரூபாய் மிச்சம் என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்கள், பிறகு மறுமதிப்பீடு கேட்க வழியில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நகல் வாங்கியவர்களுக்கு மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டு வாய்ப்பும் அடுத்த கட்டத்தில் திறந்தே இருக்கும்.

பணம் கட்டியதும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் இணையதளத்திலிருந்து நகலைப் பதிவிறக்கம் செய்ய முடியும், பிறகு முடிவையும் பார்க்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு பள்ளியில் பணத்தைக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ஏத்திடறோம்" என்று சொன்னதை நம்பி வீட்டுக்குப் போய்விட்டான். அன்று கூட்டம், மறுநாள் சர்வர் கோளாறு, அதற்கு மறுநாள் கடைசி நாள் முடிந்துபோயிற்று. பணம் திரும்பக் கிடைத்தது, வாய்ப்புக் கிடைக்கவில்லை. சீட்டு கைக்கு வரும்வரை பள்ளி அலுவலகத்தைவிட்டு நகராதீர்கள். வந்ததும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் கேட்பதை ஏதோ ஆசிரியர்மேல் புகார் கொடுப்பது போல நினைத்துத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி இல்லை. மதிப்பிடப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. திருத்தும் வேலையைச் செய்பவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன், நீங்கள் கேட்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஐந்தாவது: நகலைப் படிப்பது

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நகலைப் போனில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அச்சு எடுங்கள். கூடவே வினாத்தாள், பாடநூல், முடிந்தால் தேர்வுத் துறையின் விடைக்குறிப்பு, ஒரு பென்சில். அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விடைத்தாள் திருத்தப் போய்வந்த ஆசிரியர் என்றால் இன்னும் நல்லது, விடைக்குறிப்பில் எந்தப் படிக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் விடைகளைப் படிக்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஸ்கேன் ஆகியிருக்கிறதா? கூடுதல் தாள், வரைபடத்தாள் இணைத்திருந்தால் அதுவும் இருக்கிறதா? எழுதிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு மதிப்பெண் இருக்கிறதா, அது பூஜ்ஜியமாக இருந்தாலும்? உள்ளே இருக்கும் மதிப்பெண்கள் முகப்புப் பக்கத்துக்குச் சரியாக ஏறியிருக்கின்றனவா? கூட்டிப் பார்த்தால் அதே தொகை வருகிறதா? மறுகூட்டலில் சரியாகக்கூடிய தவறுகள் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் விடைகளுக்குள் போங்கள். மாணவியின் கணக்குத் தாளை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். கணக்கில் எழுத்துத் தேர்வு 90-க்கு, அகமதிப்பீடு (பள்ளியிலேயே போடும் மதிப்பெண்) 10. அவளுக்கு அகமதிப்பீடு முழு 10, எழுத்தில் 62. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20-ல் தொடங்கினோம். 19 சரி என்று வீட்டில் சொல்லியிருந்தாள். தாளில் 16. ஒரு விடை தப்பு. இரண்டு இடத்தில் விடையைச் சரியாக எழுதி, முன்னால் குறியீட்டை மட்டும் (ஆ)வுக்குப் பதில் (இ) என்று எழுதியிருந்தாள். மூன்றும் சேர்ந்து மூன்று மதிப்பெண். குறியீடு, விடை இரண்டில் ஒன்று தவறினாலும் பூஜ்ஜியம் என்பதுதான் விடைக்குறிப்பு. அதில் மறுமதிப்பீடு போட்டாலும் ஒன்றும் கிடைக்காது. அவள் கண்ணில் நீர் நின்றது. "சரி, அடுத்தது பார்க்கலாம் கண்ணு" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களில் திருத்தியவர் நியாயமாகவே போட்டிருந்தார். 40-ஆவது வினா கட்டாய வினா, அதை அவள் பாதியில் விட்டிருந்தாள். ஐந்து மதிப்பெண் பகுதிக்கு வந்தோம். தொகையீடு ஒன்று. பக்கத்தின் அடிப்பகுதி வரை மூன்று படிகள் எழுதி, அதற்குக் கீழே இடமில்லாமல் நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் 2. அடுத்த பக்கத்தில் வேறு வினா. நான்கு பக்கம் தள்ளி, ஒரு மூலையில், அந்தத் தொகையீட்டின் மீதிப் படிகளும் இறுதி விடையும் இருந்தன. 'தொடர்ச்சி' என்றுகூட எழுதவில்லை, வினா எண்ணை மட்டும் சின்னதாகப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் மதிப்பெண்ணே இல்லை. பூஜ்ஜியமும் இல்லை, கோடும் இல்லை. திருத்தியவர் கண்ணில் படவேயில்லை.

அங்கே 3 மதிப்பெண். இன்னொரு ஐந்து மதிப்பெண் கணக்கில் ஆரம்பத்திலேயே ஒரு குறி மாறியிருந்தது. ஆனால் அதன்பின் முறை முழுக்கச் சரி. படிக்கு மதிப்பெண் உண்டு, ஒன்றோ இரண்டோ கூடலாம். ஆக, அவள் எதிர்பார்த்த 12-ல் உண்மையாகக் கேட்கக்கூடியது 4 அல்லது 5. மீதி அவளுடைய தவறுகள். அதை அவளே பென்சிலால் குறித்து ஒப்புக்கொண்டாள்.

மற்ற பாடங்களுக்கு ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியலில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. நகலிலும் மறுமதிப்பீட்டிலும் வருவது அந்த 70 மட்டுமே. 80 வாங்கியவருக்குச் செய்முறையும் அகமும் சேர்த்து முழு 30 கிடைத்திருந்தால், எழுத்தில் அவர் எடுத்தது 50. தேடவேண்டியது மீதி 20-க்குள்தான். செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணே தவறாகப் பதிவாகியிருப்பதாகத் தோன்றினால் நகலுக்குக் காத்திருக்காமல் உடனே தலைமையாசிரியரைப் பாருங்கள், அது வேறு வழியில் சரிசெய்ய வேண்டியது.

வினாத்தாளில் ஏதாவது கேள்வி பிழையாக இருந்து, அதை எழுத முயன்றவர்களுக்கு மதிப்பெண் தரச்சொல்லி விடைக்குறிப்பில் இருந்தால், அந்த மதிப்பெண் உங்களுக்கு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறாவது: மறுகூட்டலா, மறுமதிப்பீடா, அல்லது ஒன்றுமே வேண்டாமா?

கூட்டலில் தவறு, அல்லது முகப்புக்கு ஏற்றுவதில் தவறு என்று மட்டும் இருந்தால் மறுகூட்டல் போதும். விடைக்கு மதிப்பெண்ணே போடவில்லை, படிக்குரிய மதிப்பெண் குறைவு, சரியான விடை தவறென்று அடிக்கப்பட்டிருக்கிறது என்றால் மறுமதிப்பீடு. மறுமதிப்பீட்டில் முழுத் தாளையும் மறுபடி பார்ப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கேட்ட இடத்தில் இரண்டு ஏறலாம், தாராளமாகப் போட்டிருந்த வேறொரு இடத்தில் ஒன்று இறங்கலாம். அதனால் நகலைப் பார்க்கும்போதே "இங்கே நமக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்களா?" என்று ஆசிரியரை நேர்மையாகக் கேளுங்கள். ஏறக்கூடியது தெளிவாக நான்கைந்து, இறங்கக்கூடியது ஒன்று என்றால் போடலாம். ஏறக்கூடியதே ஒன்றுதான், அதுவும் சந்தேகம் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கட்டுரை வடிவ விடைகளில் இதைக் கணிப்பது கடினம். தமிழ் நெடுவினாவுக்கு 4 போட்டதை 5 ஆக்கச் சொல்லி மறுமதிப்பீடு போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. விடை நன்றாக இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் போதாது. விடைக்குறிப்பில் உள்ள எந்தக் கருத்து உங்கள் விடையில் இருந்தும் மதிப்பெண் பெறவில்லை என்று விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

அதே வாரம் இன்னொரு பையனும் நகலோடு வந்தான். இயற்பியலில் 58. வரும்போதே கோபம். எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு ஐந்து மதிப்பெண் விடைகள் படமில்லாமல், பாதியில் நின்றிருந்தன. 33-ஆவது கட்டாயக் கணக்கு எழுதவே இல்லை. அவ்வளவு நேரம் இறுகியிருந்த அவன் முகம் மெதுவாகத் தளர்ந்தது. "சரி சார், சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றான். 505 ரூபாய் மிச்சமானது ஒருபுறம் இருக்கட்டும். யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்போடு அவன் கல்லூரிக்குப் போகவில்லை. 275 ரூபாய்க்கு அது கிடைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஏழாவது: இந்த வேலை நடக்கும்போது மற்ற வேலைகளை நிறுத்தாதீர்கள்

"ரீவேல்யூவேஷன் ரிசல்ட் வரட்டும், அப்புறம் அப்ளிகேஷன் போடலாம்" என்று காத்திருந்து வருடத்தையே இழந்தவர்கள் உண்டு. 2025-ல் பிளஸ் டூ முடிவு மே 8-ல் வந்தது. பொறியியல் விண்ணப்பம் அதற்கு முந்தைய நாளே, மே 7-ல், தொடங்கி ஜூன் 6-ல் முடிந்தது. தரவரிசைப் பட்டியல் ஜூன் 27. யாருடைய மறுமதிப்பீட்டுக்காகவும் விண்ணப்பத் தேதி நிற்காது. இப்போதிருக்கும் மதிப்பெண்ணோடு எல்லா இடத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். மதிப்பெண் மாறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம், விண்ணப்பமே போடாதவர் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. கட்-ஆஃப் 151-ஆக இருந்தாலும் 155-ஆக இருந்தாலும் சேரத் தயாராக இருக்கும் ஒரு கல்லூரியாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

எட்டாவது: தேர்ச்சி பெறாதவர்களுக்கு

உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே வருகிறது. 2025-ல் ஜூன் 25 தொடங்கி ஜூலை 2 வரை நடந்தது. அதில் தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டு கல்லூரிக்குப் போகலாம். பொறியியலுக்கு இவர்களுக்காகவே துணைக் கலந்தாய்வும் நடக்கிறது. ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முடிவு வந்த சில நாட்களிலேயே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் தட்கல் முறையில் கூடுதல் கட்டணத்தோடு ஒரு வாய்ப்புத் தருவார்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். 33, 34 என்று விளிம்பில் நின்றுபோனவர்கள் நகலுக்கும் விண்ணப்பியுங்கள், துணைத் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள், படிக்கவும் தொடங்குங்கள். மறுமதிப்பீட்டில் தேர்ச்சி வந்துவிட்டால் போகிறது ஒரு தேர்வுக் கட்டணம். வராவிட்டால் தேர்வுக்குத் தயாராக இருப்பீர்கள்.

விளிம்பில் இல்லாமல் 18, 20 என்று வாங்கியவர்களுக்கு மறுமதிப்பீட்டால் பயனில்லை. அந்தப் பணத்தையும் தேர்வுவரை இருக்கும் வாரங்களையும் படிப்பில் போடுங்கள். ஆனால் நகல் மட்டும் வாங்கலாம் என்பேன், எங்கே விட்டோம் என்று அது காட்டும். இந்தச் சில வாரங்களில் முழுப் புத்தகத்தையும் படிக்க நினைக்காதீர்கள். கணக்கு என்றால் பாடநூலின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் முழுவதும், அப்புறம் அணிகள், கலப்பெண்கள், தனிநிலைக் கணிதம் போன்ற இரண்டு மூன்று பாடங்கள் அடிமுதல் நுனிவரை. தேர்ச்சிக்கு அது போதும். பல பள்ளிகளில் துணைத் தேர்வு எழுதுபவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்துகிறார்கள். வெட்கப்படாமல் போய் உட்காருங்கள். நீங்கள் வர வேண்டும் என்றுதான் அந்த ஆசிரியர்கள் விடுமுறையிலும் வந்து நிற்கிறார்கள்.

ஒன்பதாவது: முடிவு வரும் நாள்

மறுகூட்டல், மறுமதிப்பீட்டு முடிவுகளைத் தேர்வுத் துறை இணையதளத்தில் வெளியிடுவார்கள். எல்லோருடைய பெயரும் அதில் இருக்காது. மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் இருக்கும். உங்கள் எண் இல்லை என்றால் மாற்றம் இல்லை என்று பொருள். விண்ணப்பம் தொலைந்துவிட்டது என்று பயந்து பள்ளிக்கு ஓட வேண்டாம். எண் இருந்தால் திருத்திய தற்காலிக மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கம் செய்து, இரண்டு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விண்ணப்பித்த ஒவ்வொரு இடத்திலும் புதிய மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பொறியியல் என்றால் தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்பே உதவி மையத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். கல்லூரிகளுக்கு நேரடியாக விண்ணப்பித்திருந்தால் திருத்திய பட்டியலை நேரில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் மாலை அந்த மாணவியின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பட்டியலில் எண் இருக்கிறது, கணக்கு 76 ஆகியிருக்கிறது என்றார். கட்-ஆஃப் 155. மறுநாள் காலை உதவி மையத்துக்கு எதையெதை எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்: திருத்திய மதிப்பெண் பட்டியல், விண்ணப்ப எண், ஒப்புகைச் சீட்டு, ஆதார். பின்னால் அவளுடைய குரல் கேட்டது, "அம்மா, ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்."